அண்ணையின் குளிசைப் போத்தல்

என் ஆசை அண்ணைக்கு,

எழுத்துகள் மேடும் பள்ளமுமாய்ப் போவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எழுபது வயதில் எழுதப் பழகிய கை இது. மண்வெட்டி பிடித்த பிடியில் பேனையைப் பிடித்ததால் இரண்டு இடத்தில் கடதாசி கிழிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அண்ணை, நான் எழுதுகிறேன்!

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு எப்போதும் பொறாமை. எனக்கு மூச்சு முட்டும் வருத்தம் என்று வீட்டில் இருத்திவிட்டு, உங்களை மட்டும் பள்ளிக்கூடம் அனுப்பினார்களே, அன்று தொடங்கியது. வயது போய் இருவருக்கும் இரத்த அழுத்தம், அதுதான் இந்தப் பிறசர், வந்தபோதும் அது தீரவில்லை. உங்களுக்கு நெஞ்சுப் படபடப்பை அடக்கும் வெள்ளைக் குளிசை. எனக்கோ சலம் போக வைக்கும் குளிசை. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதே நான் வேலிக்குப் பின்னால் ஓடுவேன். நீங்கள் வரம்பில் நின்று சிரிப்பீர்கள்.

ஒருநாள் கேட்டேன், நினைவிருக்கிறதா?

"அண்ணை, உங்கடை குளிசையிலை ரண்டு தாங்கோவன்."

"பேசாமல் போடா. உது உனக்குச் சரிவராது."

"ஏன், என்ரை நெஞ்சு என்ன பனங்கொட்டையோ?"

நீங்கள் போத்தலை மடிக்குள் செருகிக்கொண்டீர்கள். நல்லதைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டீர்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையல் முடிந்து அண்ணி உங்கள் சாமான்களைப் பங்கிட்டபோது, எல்லோரும் வேட்டியும் குடையும் பார்க்க, நான் அந்தப் போத்தலைக் கேட்டேன். "மருந்துத் தட்டுப்பாட்டு நேரம், எறிய மனம் வரேல்லை. கொண்டுபோ தம்பி" என்றா. போத்தலில் நீங்கள் ஏதோ எழுதி ஒட்டியிருந்தீர்கள். அவவும் என்னைப்போலக் கைநாட்டு. நாங்கள் அதை மருந்தின் பெயர் என்று நினைத்தோம்.

அன்றிரவே ஒன்றை விழுங்கினேன், அடுத்த நாளும் விழுங்கினேன். மூன்றாம் நாள் எனக்கு மூச்சு அடைத்தது. பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் வான் வண்டியில் சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மூச்சுத் திரும்பியபின் டொக்டர் என் மடியில் இருந்த போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"இதிலை எழுதினது ஆர் ஐயா?"

"அண்ணை."

அவர் வாசித்தார்: "இதைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அவனுக்கு மூச்சு முட்டும். களவாகவும் எடுப்பான்."

கடைசி வரியில் டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

"அப்ப அண்ணைக்கு நஞ்சையோ குடுத்தவை?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அவருக்கு அது நல்ல மருந்து. இருதயம் அடிக்கிற வேகத்தைக் குறைச்சுப் பிறசரை இறக்கும். உங்களைப்போல மூச்சு முட்டு உள்ள ஆக்களுக்கு மூச்சுக் குழாயை இறுக்கிப்போடும். இன்னொண்டு, அதைப் போட்டு வாற ஆக்கள் எங்களைக் கேளாமல் திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது. இருதயத்துக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் குறைக்கவேணும்."

வீடு வந்தபின்னும் ஒன்று என்னை அரித்தது. நீங்கள் எனக்காக எழுதியதை ஒரு புறத்தி ஆள் முதலில் வாசித்துவிட்டாரே! அந்த எரிச்சலில்தான் மகளிடம் அரிச்சுவடி தொடங்கினேன். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கம் முழுக்க என் கிறுக்கல். போன மாதம் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று வரியையும் நானே வாசித்தேன். ஏன் அண்ணை, இதை அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாலும் நான் நம்பியிருப்பேனா?

இப்போது அண்ணிக்கும் பிறசர். உங்களுடைய அதே குளிசைதான். கந்தசட்டி விரதம் தொடங்க, ஆறு நாளும் குளிசை வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டா.

"முருகன் பாத்துக்கொள்ளுவார் தம்பி."

"அவர் பாப்பார். விழுங்கிறது நீங்கள்தான்."

சுவாமி அறை வாசலிலேயே இருந்தேன். டொக்டர் சொன்னதை இரண்டு தரம் சொன்னேன். கடைசியில் பாலோடு விழுங்கினா. பிறகு "டொக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது" என்று என் கையால் எழுதி, சோற்றுப் பருக்கையால் அவவின் போத்தலில் ஒட்டினேன். என் முதல் எழுத்து வேலை!

அண்ணி அதை உங்கள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. "கொண்ணையின்ரை எழுத்துத்தான் வடிவு" என்றா.

வாசிக்கத் தெரியாத மனுசிக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது? செத்தும் என்னை வெல்கிறீர்கள் அண்ணை.

அவ தினமும் குளிசை விழுங்குவதை நான் பார்த்துக்கொள்வேன். அடுத்த கிழமை இதைவிட வடிவாய் எழுதுவேன், பாருங்கள்.

உங்கள் குளிசையைக் களவெடுத்த,
உங்கள் ஒரே தம்பி.