நெவென்காவின் நான்கு சாமந்தி

அக்டோபர் 3

நிறுவனத்தின் பெயர் மாறப்போகிறதாம். காப்பிக் குவளையைக் கழுவிக்கொண்டே முதலாளி ராலிட்சா சொன்னாள். பதினொரு ஆண்டுகளாக ‘லிப்பா’, இனி ‘ரம்கா’. ரம்கா என்றால் படத்தைச் சுற்றிப் போடும் சட்டகம்.

“கேக்கவே கம்பீரமா இருக்குல்ல, மாமா?”

இருக்கு என்றேன். இருக்கிறதா? தெரியவில்லை. எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து யோசிப்பது என் வழக்கம்.

கலைக்களஞ்சியப் பதிப்பகத்திலிருந்து ஓய்வுபெற்றதும் இங்கே வந்தேன். கடைகளுக்கு இணையதளமும் விளம்பரமும் செய்கிறோம். படம் மற்றவர்கள் வேலை, எழுத்து என் வேலை. பெயரை மாற்றுகிற யோசனையை எழுத்துக்காரனிடம் கடைசியாகச் சொல்வானேன்?

அக்டோபர் 8

பெயர் மட்டுமல்ல, வழியும் மாறுகிறது. இனி எல்லாருக்கும் எல்லாம் செய்யமாட்டோம். ஒயின் ஆலைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் காணொளி மட்டும். இது புதிய வடிவமைப்பாளன் கலோயனின் யோசனை. ஆறு வயதில் ஸ்பெயினுக்குப் போனவன், இந்தக் கோடையில்தான் எங்கள் ஊரான ப்லோவ்திவுக்குத் திரும்பினான். கெட்டிக்காரன்தான். ஆனால் பேசும்போது என்னைப் பார்ப்பதில்லை.

“பனிட்சா கடைக்கும் சாவிக் கடைக்கும் உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா நாம எப்ப வளர்றது?”

பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் அடுக்கு ரொட்டி, அந்தப் பனிட்சா விற்கும் கடை நெவென்காவுடையது. சாவிக் கடை அசெனுடையது. இந்தத் தெருவில் எனக்கு வேலை தருபவர்கள் அவர்கள் மாதிரி ஆட்கள்தான். அவர்களுக்கு விடைகொடுத்துக் கடிதம் எழுத வேண்டுமாம். எழுதப்போவது நான். அவர்கள் போனபின் நான் எதை எழுதுவது? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 10

உள்ளே போனேன். பேச்சு நின்றது.

அக்டோபர் 15

கதவு ஒருக்களித்திருந்தது. ராலிட்சாவின் குரல்: “பெரியவர்கிட்ட இப்ப வாயத் திறக்காத. புதுப் பேரு விழா முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்.”

தேநீரோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வேறு எந்தப் பெரியவராகவாவது இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மூத்தவளுக்கு வயது நாற்பத்திரண்டு; அது ராலிட்சாவேதான்.

சந்தேகம் ஒரு நோய் என்பாள் என் மனைவி, இருந்தவரைக்கும். எனக்கு அது தொழிலால் வந்தது. முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதில் பிழை தேடியவன் வேறு எப்படி இருப்பான்?

அக்டோபர் 21

கலோயன் என்னைப் படம் எடுத்தான். “கொஞ்சம் சிரிங்க ஐயா, சுடவா போறேன்?”

புதிய பெயருக்கு விளம்பரமாகத் தெருவில் ஒட்ட, ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: படம், சுற்றிலும் பட்டையாகக் கருஞ்சிவப்புச் சட்டகம், கீழே பெயர், ஒரு வரி. திரையில் அழகாகத்தான் இருந்தது. என் வரியை நானே எழுதினேன், பழைய பதிப்பக வழக்கப்படி: ‘பதினொரு ஆண்டுகள் இந்தத் தெருவின் கடைகளுக்காக எழுதினார்.’

முதலில் என் தாள்தான் வெளியே வருமாம். ஏன் நான்? “நீங்கதானே மூத்தவர்” என்றான். போகிறவனுக்கு மாலை போடுகிற மாதிரி இல்லையா இது?

அக்டோபர் 24

சளி, காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. நான் இல்லாத நாளில் என்ன பேசுவார்கள் என்று நினைத்து நினைத்தே காய்ச்சல் ஏறியது.

அக்டோபர் 27

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

தெருமுனையில் அசென் கடையைத் திறந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

“ஐயோ சாமி! ஹரலாம்பி ஐயா, நீங்களா?”

“நான்தான்.”

“அப்ப செத்தது யாரு?”

கையை நீட்டினான். மரத்தில், கம்பத்தில், எங்கள் கட்டடக் கதவில் — என் முகம். அச்சு இயந்திரத்தில் வண்ண மை தீர்ந்துபோயிருக்கிறது. ஞாயிறன்று ஆளில்லாத அலுவலகத்துக்கு வந்த கலோயன் கறுப்பிலேயே அச்சடித்துத் தெரு முழுக்க ஒட்டியிருக்கிறான். கருஞ்சிவப்பு கறுப்பாகிவிட்டது. கதவில் கறுப்புக் கட்டம், அதற்குள் கிழவன் படம் என்றால் நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், இது மரண அறிவிப்பு என்று. ஸ்பெயினில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

கதவருகே நெவென்கா நின்றிருந்தாள், கையில் நான்கு வெள்ளைச் சாமந்தி. இரட்டைப்படை, இறந்தவர் கணக்கு. என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பூங்கொத்தாலேயே என் தோளில் அடித்தாள்.

“விடிஞ்சதுலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கேன்யா! அடுப்புல ஒரு தட்டு பனிட்சா கருகிப்போச்சு! நீ என்னடான்னா கழுத்துல மப்ளரச் சுத்திக்கிட்டு வந்து நிக்கிற!”

பிறகு ஒரு பூவை உருவித் தன் மேலங்கிப் பையில் செருகிக்கொண்டாள். “இப்ப மூணு. இந்தா, புடி. உசிரோட இருக்கிறவனுக்கு.”

உள்ளே இன்னும் மோசம். தையல்காரி, சலூன்காரர், பழைய புத்தகக் கடைக்காரர் எல்லாரும் தொப்பியும் கையுமாக இருந்தார்கள். இறந்தவருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமையை யாரோ சர்க்கரை தூவிக் கொண்டுவந்திருந்தார்கள். கலோயன் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த இனிப்பு பிரமாதம் ஐயா, நீங்களும் எடுத்துக்குங்க.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் கிளம்பவில்லை. நான் யாருக்கு என்ன எழுதினேன், அதைப் படித்து யார் கடைக்கு வந்தார்கள் என்று என் எதிரிலேயே இரங்கல் கூட்டம் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வாய் ‘ஹரலாம்பி ஆபீஸ்’ என்றார்கள். ராலிட்சாவின் முகம் மாறுவதைக் கவனித்தேன்.

“எங்க கம்பெனி பேரு என்னன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. “லிப்பா” என்று அவளே சொன்னாள்.

“அது மருந்துக் கடை இல்ல?” என்றான் அசென்.

அக்டோபர் 28

ராலிட்சா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“டிசம்பரோட உங்கள நிறுத்திடலாம்னுதான் இருந்தேன், மாமா. உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சா?”

“வந்தது.”

“சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கீங்க.”

பிழையைக் கண்டுபிடித்த பழைய சந்தோஷம் ஒரு கணம். பிறகு உட்கார்ந்துவிட்டேன். ராலிட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை நிறுத்தப்போவதில்லை, அந்த விடைக் கடிதங்களையும் அனுப்ப வேண்டாம் என்றாள். அவற்றை நான் இன்னும் எழுதத் தொடங்கவேயில்லை என்பதைச் சொல்லவில்லை.

நவம்பர் 4

ஒயின் ஆலைகள் இல்லையாம். இனித் தெருக் கடைகள் மட்டும், ஆனால் முழுமையாக — பலகை முதல் இணையதளம் வரை. கலோயன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். இன்று அசெனின் கடைப் பலகையை வரைந்துகொண்டிருக்கிறான்.

புதிய பெயர் ‘ஹரலாம்பி ஆபீஸ்’ என்கிறாள் ராலிட்சா. வேண்டாம் என்றேன். கூச்சம். அதோடு, இதிலும் ஏதாவது இருக்குமோ? பேரை எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டால்?

நவம்பர் 5

யோசித்துப் பார்த்தேன். பலகையில் பெயர் இருந்தால், அனுப்புவது கொஞ்சம் கஷ்டம். சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 21

பலகை ஏறியது. வெள்ளைப் பின்னணி, பச்சை எழுத்து. சட்டகம் கிடையாது, படம் கிடையாது. ஏணியிலிருந்து இறங்கிய கலோயன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “தப்பு ஏதாச்சும் இருக்கா ஐயா?” இல்லை.

நெவென்கா சூடான பனிட்சாவும் சாமந்தியும் கொண்டுவந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் போனபிறகு எண்ணினேன். ஐந்து. இன்னொரு முறை எண்ணிவிட்டுத் தண்ணீரில் வைத்தேன்.