அகலத் திரையும் முப்பத்தேழாம் பக்கமும்

மாட்டுங்கா,
16 ஜூன் 2024

அன்புள்ள வந்தனாவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நம்ப மாட்டாய், சௌக்கியமில்லை என்று எழுதினால் ஓடி வந்துவிடுவாயா என்றும் தெரியவில்லை. அதனால் அந்த விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

"போன்ல பேசினா சிரிக்க வெச்சே சம்மதிக்க வெச்சுடுவேள். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா தமிழ்ல எழுதி அத்திம்பேர் கையில குடுத்தனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். நான் தமிழில் கடைசியாக எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். முப்பத்தி மூன்று வருஷத்துக்கு அப்புறம் பேனாவைப் பிடித்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அத்திம்பேர் வேங்கடசுப்ரமணியன் தினம் திலக் நகரிலிருந்து குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்காவுக்கு ஆபீஸ் வருகிறார், அவருக்கு இந்தத் தபால்காரர் உத்தியோகம் பிடித்திருக்கிறது. வரும்போதெல்லாம் இங்கே ஒரு காபியும் குடிக்கிறார்.

உன் அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்கு ஒத்தாசை, பத்து நாள் என்று போனாய். ஐந்து வாரம் ஆகிறது. நேற்று அக்கா தானே மார்க்கெட்டுக்கு நடந்து போய் வெண்டைக்காய் வாங்கி வந்ததாக அத்திம்பேர் சொன்னார். அப்படியென்றால் நீ இன்னும் எதற்கு அங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கலாம் அல்லவா?

வீட்டு சமாசாரம். பால்காரர் வருகிறார். வேலைக்காரி வருவதில்லை. நான் வாங்கிய கம்ப்யூட்டர் திரை என் மானத்தை வாங்குகிறது. முப்பத்துநாலு அங்குலம், அத்தனை அகலம், ஆனால் அதில் வருகிற ஒவ்வொரு முகமும் பக்கவாட்டில் இழுத்து வைத்தது போல இருக்கிறது. வீட்டிலிருந்தே பேசும் ஆபீஸ் மீட்டிங்கில் எங்கள் மேனேஜரின் முகம் ஊத்தப்பம் மாதிரி பரந்து கிடக்கிறது. அவர் கோபமாகப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு நாள் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

நான் யோசிக்காமல் வாங்கினேன் என்று நினைக்காதே. ஏற்கெனவே வாங்கினவர்கள் இணையத்தில் எழுதிய அனுபவங்களை, இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் படித்தேன். நாக்பூர்க்காரர் ஒருவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தார். சூரத்காரருக்குத் திரையை விட அட்டைப்பெட்டி பிடித்திருந்தது, அதில் அவர் வீட்டுப் பூனை குடியேறிவிட்டதாம். கொச்சியில் ஒருவருக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக் கழுத்து வலி, இருந்தாலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். நான் இரண்டு நட்சத்திரம் போட்டு, என் அனுபவத்தையும் காட்டமாக எழுதிவிட்டேன்.

உனக்கு அந்தத் திரைதான் பிடிக்கவில்லை என்றால் சொல், யாருக்காவது விற்றுவிடுகிறேன். உன் டைப்பிங் வேலையைப் பழையபடி நம் வீட்டிலேயே செய்யலாம். நீ இல்லாமல் வீடு சரியாக இல்லை வந்தனா. வந்துவிடு.

அன்புடன்,
பத்ரி


திலக் நகர்,
19 ஜூன் 2024

அன்புள்ள ஆத்துக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பிழை மூன்றுதான். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், ஊத்தப்பம் வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் முழங்கால் பிடித்துக்கொண்டது. முழங்கால் பிடித்தால் நான் இன்னும் பத்து நாள் இருக்க வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதவே இல்லை. தினம் ஹோட்டல்தானே? மோர்மிளகாய் பரணுக்குக் கீழே நீல டப்பாவில் இருக்கிறது. தயிர்சாதமாவது பிசைந்து சாப்பிடுங்கள்.

இனி விஷயம். திரை மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன பாவம் செய்தது? அது வந்து உட்கார்ந்த இடம் யாருடையது என்று யோசித்தீர்களா? நம் ஹாலில் ஜன்னலோரம் ஒரே ஒரு மேஜை. எட்டு வருஷமாக நான் அதில் வேலை செய்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் அகராதிகளும் காகிதமும் சோபா மேல் கிடக்கின்றன, மேஜை முழுக்கத் திரை. நீங்கள் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, ரெண்டு பக்கமும் கரெக்டா மூணு மூணு இஞ்ச் மிச்சம்!" என்று குதித்தீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, சிரித்தேன்.

அதற்கப்புறம் நாலு மாசம் அடுக்களை மேடையில், மிக்ஸிக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் லாப்டாப்பை வைத்து நின்றுகொண்டே வேலை செய்தேன். நீங்கள் தண்ணீர் குடிக்க வருவீர்கள், "என்ன வாசனையா இருக்கு, ரசமா?" என்று கேட்டுவிட்டுப் போவீர்கள். ஒரு நாளாவது ஏண்டி இங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. கொச்சிக்காரர் கழுத்து வலிக்கிறது என்று எழுதினால் கவலையாகப் படித்தீர்கள். எனக்கும் கழுத்து இருக்கிறது. முன்பின் தெரியாத இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் அனுபவம் கேட்டு வாங்கினீர்கள், நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்று. நான் செய்வது டைப்பிங் இல்லை.

மழையில் குடை எடுக்காமல் கிளம்ப வேண்டாம்.

உங்கள்
வந்தனா


மாட்டுங்கா,
23 ஜூன் 2024

அன்புள்ள வந்தனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை வெட்கம். மூன்றாவது தடவை அடுக்களை மேடையில் என் லாப்டாப்பை வைத்து நின்று பார்த்தேன், இருபது நிமிஷத்தில் இடுப்பு போய்விட்டது. நாலு மாசம் எப்படி நின்றாய்? நான் ஒரு மடையன். எழுதியே தந்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் கவலைப்படாதே, எல்லாவற்றுக்கும் வழி பண்ணிவிட்டேன்! ஃப்ரிட்ஜுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் இருபத்திரண்டு அங்குலம் இருக்கிறது. இருபத்தோரு அங்குலத்தில் மடிப்பு மேஜை ஒன்று கிடைத்தது. தொண்ணூற்றாறு பேர் எழுதியதைப் படித்துத்தான் வாங்கினேன், எல்லாரும் கால் ஆடவில்லை என்றே சொல்கிறார்கள். சுவரில் உனக்காக விளக்கும் மாட்டியாயிற்று. பாத்ரூமுக்கு யாராவது போகும்போது மட்டும் நீ கொஞ்சம் எழுந்துகொள்ள வேண்டியிருக்கும். இருப்பது நாம் இரண்டு பேர்தானே?

திரை இன்னும் திருந்தவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். நாலு பட்டனை அமுக்கிவிட்டு, "ஸாப், மானிட்டர் ஏக்தம் டீக் ஹை", திரையில் ஒரு பழுதும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். மேனேஜர் அப்படியே ஊத்தப்பமாகத்தான் இருக்கிறார்.

மேஜை வந்துவிட்டது. இனி நீதான் வர வேண்டும்.

அன்புடன்,
பத்ரி


திலக் நகர்,
25 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

பாத்ரூம் வாசலில் எனக்கு மேஜை போட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அக்கா, "நல்ல மனுஷன்டி, மண்டைல மட்டும் ஒண்ணும் ஏறாது" என்றாள். நல்ல மனுஷன் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தோரு வருஷமாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இந்தத் தடவையும் அளந்தீர்கள், படித்தீர்கள், வாங்கினீர்கள். என்னைக் கேட்கவில்லை.

ஒரே ஒரு காரியம் சொல்கிறேன், செய்யுங்கள். பரணில் அந்தத் திரையின் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னப் புத்தகம், திரையை எப்படி உபயோகிப்பது என்று எட்டு பாஷையில் போட்டது. அதில் தமிழ்ப் பகுதியை மட்டும் படியுங்கள். ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம். முகம் அகலமாகத் தெரிவதற்கான வைத்தியம் அதன் முப்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அதைப் படித்து முடிக்கிற வரை எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். ஸ்டூல் ஆடும், அத்திம்பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

வந்தனா


மாட்டுங்கா,
1 ஜூலை 2024

அன்புள்ள வந்தனாவுக்கு,

முடித்துவிட்டேன். நாற்பத்தாறு பக்கம். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆறு நாள் ஆயிற்று.

முதல் இரண்டு நாள் கடனே என்றுதான் படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் துடைப்பதைப் பற்றி வந்தது. "கறை போகவில்லை என்று அழுத்தித் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கறையும் போகும், திரையும் போகும்." அங்கே நின்றுவிட்டேன். தோசைக்கல்லை நான் துலக்கும்போதெல்லாம் நீ சொல்வது காதில் கேட்டது. "அழுத்தித் தேய்க்காதேங்கோ, கறையும் போகும், கல்லும் போகும்." உலகத்தில் வேறு யார் அப்படிச் சொல்வார்கள்?

மறுநாள் அத்திம்பேரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏண்டா பத்ரி, நோக்குத் தெரியாதா? எட்டு வருஷமா இந்த மாதிரி புஸ்தகத்தையெல்லாம் தமிழ்ல எழுதறதுதானே அவ வேலை? எங்காத்து வாஷிங் மெஷின் புஸ்தகம்கூட அவ எழுதினதுதான்." எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெட்டி பிரித்த அன்று நீ இந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். என்னவோ சொல்ல வாயெடுத்தாய். நான் அதைப் பிடுங்கி, "இதையெல்லாம் யார் படிக்கப் போறா?" என்று பெட்டிக்குள் வீசினேன். நீ அடுக்களைக்குள் போய்விட்டாய். எனக்கு ரசம் வாசனை மட்டும்தான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு வந்தனா. அந்த ஒரு வார்த்தைக்காக நீ ஐந்து வருஷம் அக்கா வீட்டில் இருந்தாலும் நான் கேட்க முடியாது.

முப்பத்தேழாம் பக்கத்தைச் சத்தமாகவே படித்தேன். "முகங்கள் அகலமாகத் தெரிந்தால் திரையைக் குறை சொல்ல வேண்டாம். புதிய திரை வந்திருப்பது உங்கள் கணினிக்கு இன்னும் தெரியவில்லை, அது பழைய அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கணினியின் அமைப்புக்குப் போய்ப் புதிய அளவைச் சொல்லுங்கள்." சொன்னேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை. மேனேஜர் மனுஷ ரூபத்துக்கு வந்துவிட்டார், பார்க்க நன்றாகவே இருக்கிறார். இணையத்தில் நான் எழுதிய காட்டத்தை எடுத்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு, "இயந்திரத்தில் பழுதில்லை. கூட வரும் புத்தகத்தைத் தமிழில் படியுங்கள், அருமையாக எழுதியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். இதுவரை நாலு பேர் பயனுள்ளது என்று குறியிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. திரைக்கு எதிரே உட்கார்ந்து வலது கையைத் திரைக்குப் பின்னால் நீட்டினால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. நான் பத்துத் தடவை நீட்டிப் பார்த்தேன், இல்லை. இடது பக்கம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் போய்க் குற்றம் சொல்கிறானே என்று நினைப்பாய். ஆனால் ராஜ்கோட்டிலோ ராஜபாளையத்திலோ இன்னொரு மடையன் வலது பக்கம் தடவிக்கொண்டிருப்பானே என்று மனசு கேட்கவில்லை.

திரையை எங்கே வைப்பது, மேஜை யாருக்கு, எதையும் நான் முடிவு பண்ணவில்லை. அளவு நாடாவையும் எடுக்கவில்லை. நீ சொல். நீ எப்போது வருவாய் என்றும் கேட்கப் போவதில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உன்
பத்ரி


திலக் நகர்,
3 ஜூலை 2024

அன்புள்ள பத்ரிக்கு,

பேர் சொல்லி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று படித்தேன். பெட்டி பிரித்த அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகமே இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். நானாகச் சொல்லிக்காட்டி நீங்கள் மன்னிப்புக் கேட்பதில் எனக்கு இஷ்டமில்லை. நீங்களாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அது போதும், இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் மேலும் தப்பு உண்டு. வாயைத் திறந்து, இது என் மேஜை, இது என் வேலை என்று அன்றைக்கே கத்தியிருக்கலாம். கத்தாமல் ரசம் வைத்தேன்.

ஜன்னலோர மேஜையில் காலை முதல் மத்தியானம் வரை நான், அப்புறம் நீங்கள். திரை அங்கேயே இருக்கட்டும், எனக்கும் அதில் வேலை செய்து பார்க்க ஆசைதான். மடிப்பு மேஜையைப் பாத்ரூம் வாசலிலிருந்து எடுத்து ஹாலில் போடுங்கள், காலையில் அது உங்களுக்கு. அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள், "போய்த்தொலை, இனிமே எனக்கு வெண்டைக்காய் யாரு நறுக்குவா?" என்று மூக்கைச் சிந்தினாள்.

புத்தகம் அருமை என்று நீங்கள் எழுதியதை நான் அவ்வளவாக நம்பவில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் பன்னிரண்டாம் பக்கம்! அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது, அங்கே படம் மட்டும்தான். படிக்கிறவர்கள் தேடி அலையக் கூடாதே என்று நானாகச் சேர்த்தது. படம் பின்பக்கமிருந்து பார்த்து வரைந்தது, அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். நாலு மாசம் அந்தத் திரை நம் ஹாலிலேயே இருந்தது. ஒரு தடவை அதன் எதிரே உட்கார்ந்து கையை நீட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ரோஷத்தில் தொடவே இல்லை. நேற்றே கம்பெனிக்கு எழுதினேன், அடுத்த அச்சில் திருத்திவிடுவார்கள்.

எட்டு வருஷத்தில் நாற்பத்தொரு புத்தகம் எழுதியிருக்கிறேன். எதிலும் என் பேர் கிடையாது. யார் படிக்கிறார்கள், யாராவது படிக்கிறார்களா என்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தேன். இதுவரை ஒருத்தர்கூட எனக்கு இதில் தப்பு இருக்கிறது என்று எழுதியதில்லை. பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி, பத்துத் தடவை தேடியிருக்கிறீர்கள். அந்த இடத்தைப் படித்தபோதுதான் அழுதேன்.

நாளைக்குக் காலையில் வருகிறேன்.

உங்கள்
வந்தனா