மேலூர், கீழூர், ஊர் தெரியாத மூன்று

என் றிஸ்வான் மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். குடாவில் ஒரு கோதுமைக் கப்பல் நாலு நாளாய் அசையாமல் நிற்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

மொழிக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வட லாவோஸ் மலையில் நீ பதிந்த நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளும் ‘பூனோய்’ என்ற ஒரே தலைப்பில் வெளிவரப்போகின்றன. உன்னோடு மொழியியல் படித்தவன் என்ற முறையில், தலைப்புச் சரி என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பூனோய், வெளியார் வைத்த பெயர். லோலோ என்னும் மலைமொழிக் குடும்பத்தில் ஒரு சிறு கொத்து. மலைக்கு மலை பேச்சு மாறும். நீ மேலூர் என்று குறித்த ஊரார் பேசினால், கீழூர் என்று குறித்த ஊராருக்குப் பாதிதான் விளங்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னாய்: “பிழை விட்டுட்டன் மச்சான். ரெண்டு ஊரையும் ஒரே பேரில போட்டுட்டன். நாங்க வேற, அவங்க வேற எண்டு சொல்லித்தான் அந்தச் சனம் எனக்குக் கதைச்சது. பிரிச்சுப்போடு.”

“ஓம்” என்றேன். எப்படிப் பிரிப்பது என்று ஏன் கேட்காமல் விட்டேன்?

கிண்ணியாவில், உன் தங்கை பஸ்மியாவோடு இருந்து எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். பேச்சுக்குப் பின்னால் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே மழைச் சத்தம், ஒரே கோழிச் சத்தம். உன்னை ‘நானா’ என்றே சொல்லும் அவள் சிரித்தாள்.

“பெரிய படிப்புப் படிச்சீங்க அண்ணா! எங்கட நானா மாடு மாதிரி தேத்தண்ணி உறிஞ்சுற சத்தம் கேக்கல்லையா? இதுல முதல்ல உறிஞ்சுறாரு. அதுல கடைசியில.”

உன் குறிப்பேட்டைப் புரட்டினேன். இருந்தது. மேலூர் வீட்டில் விருந்தாளி தேநீர் குடித்த பிறகே பேச்சு. கீழூர் வீட்டில் பேசி முடித்த பிறகே தேநீர்.

இருபத்திரண்டு மேலூர். பதினாறு கீழூர்.

மிச்சம் மூன்றில் தேநீரே இல்லை. மூன்றிலும் ஒரே பெண். பேசிக்கொண்டே போகிறாள், திடீரென்று சிரிக்கிறாள், பதிவு முடிகிறது. என்ன கேட்டாய் அவளிடம்?

“ஏதாவது ஒரு ஊர்ல போடுங்களேன். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள் பஸ்மியா. பிறகு உன் குறிப்பேட்டை மூடிவைத்தாள். “வேணாம். நானா ஏசுவாரு.”

நான் கையெழுத்திடவில்லை. முப்பத்தெட்டுக்கு ஊர் எழுதி அனுப்பினேன். மூன்றையும் நிறுத்திவைக்கச் சொன்னேன். காப்பகத்தார் முழுத் தொகுப்பையுமே நிறுத்தலாம். அப்படியானால் உன் பெயரும் வெளியே வராது. பொறுப்பாயா?

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அந்த மலைக்குப் போவேன். அவள் குரலை இரண்டு ஊரிலும் போட்டு, இவள் உங்களில் ஆர் என்று கேட்பேன். அவர்கள் சொல்லும்வரை ஒரு பெயரும் எழுத மாட்டேன்.

உன் உம்மாவின் சோற்றில் பங்கு கேட்ட சகோதரன்,
கஜன்
பாலையூற்று