சிவப்பு ஒயரில் கல்பாக்கம்

அனுப்புநர்:
ச. சத்யப்பிரியா,
தசரதன் வீட்டு மாடி அறை,
இருங்காட்டுக்கோட்டை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரிய அலுவலகம்.

பொருள்: கதிர்வீச்சுக்குப் பயந்து வீட்டு உரிமையாளர் பகலில் மெயினை அணைப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் இயக்குகிறேன். இரவு ஷிப்ட். பகலில் தூங்கினால்தான் என் விரல்களுக்குப் பாதுகாப்பு.

2. எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளது. உரிமையாளர் திரு. தசரதன் அவர்களின் கணக்குப்படி நீல ஒயரில் அணைக்கட்டு கரண்ட், மஞ்சளில் நிலக்கரி கரண்ட், சிவப்பில் கல்பாக்கம் அணுமின் கரண்ட். நீலம் அவர் வீட்டுக்கு, சிவப்பு நான் குடியிருக்கும் மாடிக்கு. தூங்கும் உடம்பில் கதிர்வீச்சு சீக்கிரம் இறங்குமாம். ஆகவே நான் படுத்ததும் மாடி மெயினை அணைத்துவிடுகிறார். கேட்டால், "உன் நல்லதுக்குத்தாம்மா ஆஃப் பண்ணிக்கினு கீறேன்" என்கிறார். இரவில் அணைப்பதில்லை; அவர் சீக்கிரமே உறங்கிவிடுவதால் கதிர்வீச்சுக்கும் ஓய்வு போலும். மெயின் பெட்டியில் திருஷ்டிப் பூசணிக்காய் வேறு தொங்குகிறது.

3. டிப்ளமோ படித்தவள் என்ற தைரியத்தில் அவருக்கு விளக்கினேன். அணுவைப் பிளக்கும்போது வரும் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது. இட்லிப் பானை மூடியைத் தூக்கும் அதே ஆவிதான் அங்கே டர்பைனைச் சுழற்றுகிறது. எரிபொருள் உலோகக் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். அதைத் தொட்டு ஓடும் நீர் தனிக் குழாயிலேயே சுற்றி, சூட்டை மட்டும் வேறு நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். அத்தனையையும் சுற்றித் தடித்த கான்கிரீட் சுவர். கம்பியில் வருவது கரண்ட் மட்டுமே. எல்லா நிலையங்களின் மின்சாரமும் கலந்தே வருவதால் மூன்று ஒயரிலும் ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

4. கடைசி வரி மட்டும் அவர் மனதில் நின்றது. "அப்போ நீலத்துலயும் கல்பாக்கம் கீதா?" என்று பதறி, நேற்று முதல் தம் வீட்டு கரண்டையும் சேர்த்து அணைத்துவிட்டார். இப்போது அவரும் பனைவிசிறியோடு வாசலில் வியர்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், ஆனால் தூக்கம் வரவில்லை.

5. நேற்றிரவு நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்து மெஷின் இசைவாணி என் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இம்மனுவை அவள்தான் எழுதியிருப்பாள். ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது.

6. காக்கிச் சட்டை சொன்னால்தான் நம்புவாராம். எனவே தாங்களோ லைன்மேனோ நேரில் வந்து அவருக்கு எடுத்துச் சொல்லி, மெயினைப் போட வைக்க வேண்டுகிறேன். மூன்று ஒயருக்கும் ஒரே பதிலைச் சொல்லவும். ஒன்றை நல்லது என்றால் அது அவர் வீட்டுக்குப் போய்விடும்.

இன்றிரவும் எனக்கு ஷிப்ட் உண்டு.

இடம்: இருங்காட்டுக்கோட்டை
நாள்: 14.05.2025

இதுவரை பத்து விரல்களுடன்,
ச. சத்யப்பிரியா