ஏற்றுக்கொள்ளாமல் விட்ட வெள்ளி நாரை

நேற்றுக் காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. நாம் விளையாடிய அந்த இணையச் சீட்டாட்டத்தை இந்த மாத முடிவோடு நிறுத்தப் போகிறார்களாம். பழைய ஆட்டக்காரர்கள் விரும்பினால் ஒருமுறை உள்ளே வந்து தங்கள் சீட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். கடவுச்சொல் நினைவில் இல்லை. பழைய குறிப்புப் புத்தகங்களைக் கிளறி, மூன்றாவதில் கண்டுபிடித்தேன். உள்ளே போனதும் மேல் மூலையில் ஒரு சிறிய உறை மின்னிக்கொண்டிருந்தது. நீ அனுப்பிய சீட்டு மாற்றுக் கோரிக்கை. இத்தனை வருடமாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. நீ இறந்துபோய் ஐந்து மாதமாகிறது.

ஊரில் போர் முடிந்த அந்த ஆண்டு நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தியாளன். வீடு மோர்னிங்சைட்டில். நீ ரெக்ஸ்டேலில் தனியாக இருந்தாய். பிறம்ரன் கிடங்கொன்றில் பின்னேர வேலை. உன் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான்.

"மச்சான், இனி இந்த நம்பருக்கு எடுக்காதை" என்றாய் ஒருநாள். "அக்கா எடுக்கிற நேரம் லைன் பிசியா இருந்தா?"

"கோல் வெயிற்றிங் இருக்குத்தானே?"

"அந்த ரீக் ரீக் சத்தத்துக்கு நான் தடுமாறி அவவைக் கட் பண்ணிப்போடுவன். அதை எடுத்துவிட்டன். செல்லும் நிப்பாட்டிப்போட்டன். மணி அடிக்க அடிக்க அவ எண்டு ஓடிப்போறன். நீ எண்டு தெரிஞ்சா கோவம் வருது. உன்னோட கோவிக்க எனக்கு விருப்பமில்லை."

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது?"

"வேலையில ஒருத்தன் ஒரு கேம் காட்டினவன். இன்ரர்நெற் கேபிளில வருது, போன் வேற வயர். உள்ளுக்கு வா."

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் சீட்டுச் சேர்க்கத் தொடங்கினேன். தினமும் காலை ஒன்பதரைக்கு உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். தொடங்குகிறவர்களுக்கு ஒரு கட்டு இலவசம். வென்றால் புதிய பொதி ஒன்று கிடைக்கும். அதை உடைத்தால் ஐந்து சீட்டு. கிடைத்த பலமான சீட்டுகளையெல்லாம் என் கட்டுக்குள் திணித்து வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்தேன். ஆட்டத்துக்குப் பக்கத்திலிருந்த அரட்டைக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினாய்: "எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போகேலாது மச்சான். முப்பதுக்கு மேல வைச்சா வேண்டியது கையில வராது." மூட்டைகளோடு நடக்கும் சனங்களின் படத்தை அந்த வாரம்தான் நாங்கள் முன்பக்கத்தில் போட்டிருந்தோம்.

நீயும் ஒரு விடயத்தில் புதியவன்தான். சீட்டு மாற்றும் பெட்டிக்கு இரண்டு பக்கம். உன் சீட்டை நீ வைக்க, மற்றவன் தன் சீட்டை வைக்க, இருவரும் பொத்தானை அழுத்தினால் மாறும். நீ ஒவ்வொரு தடவையும் கேளாமலே ஒரு சீட்டைக் கூட வைப்பாய். முன்பின் தெரியாத ஆட்கள் ஏதோ ஏமாற்று என்று பயந்து விலகிப் போவார்கள்.

"கூடக் குடுத்தா உன்னைக் கள்ளன் எண்டுதான் நினைப்பாங்கள்" என்றேன்.

"நினைக்கட்டும். எங்கட அம்மா அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமையாத் திருப்பிக் குடுத்ததில்லை. ரெண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் குடுப்பா. உவங்களுக்கு இது எங்க விளங்கப்போகுது?"

எனக்கு மட்டும் ஒன்று தரமாட்டாய். உன் முதல் பொதியில் வந்த வெள்ளி நாரை. ஒற்றைக் காலில், கலங்கிய நீரில் நின்றுகொண்டிருக்கும். நான் கெஞ்சாத நாளில்லை.

"அதைக் கேளாதை. அக்கா எடுக்கட்டும், அண்டைக்குத் தாறன்."

மே மாதம் எல்லாம் முடிந்தது. பிறகு, தப்பி வந்த சனங்களை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் துண்டு துண்டாக எங்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த பட்டியலில் உன் அக்காவின் பெயர் இருந்தது. ஊர் சரி. வயது நான்கு குறைவாக இருந்தது. பிள்ளைகளின் பெயர் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக உறுதிசெய்யாமல் ஒரு பெயரையும் வெளியே விடுவதில்லை என்பது நானே போட்ட விதி. பிழையான பெயரைக் கேட்டு ஒரு வீடு சந்தோசத்தில் பாற்சோறு காய்ச்சியதை அந்த மாதம்தான் பார்த்திருந்தேன்.

புதன் காலையும் வியாழன் காலையும் உன்னோடு விளையாடினேன்.

"என்னடா நித்திரையோ? இண்டைக்குச் சின்னப் பிள்ளையும் உன்னை வெல்லும்" என்று எழுதினாய்.

"தலையிடி" என்று எழுதினேன்.

வியாழன் மதியம், அக்காவை நேரில் கண்ட இரண்டாமவருடைய குரலும் தொலைபேசியில் கிடைத்தது. பட்டியலில் இருப்பது அக்காதான், பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். உடனே காரை எடுத்து ரெக்ஸ்டேலுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். கேட்டதும் ஒற்றைச் சப்பாத்தோடு படியில் அமர்ந்தாய்.

"லிஸ்ற் எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"ரெண்டு நாளா என்னோட விளையாடினனி."

"உறுதிப்படுத்த வேணுமெல்லே. வேற ஆளா இருந்திருந்தா?"

"நான் என்ன பேப்பரோ? நான் அவவின்ர தம்பி." நீ சத்தம் போடவில்லை. "இருக்கலாம் எண்டு சொல்லியிருந்தாக் காணும். ரெண்டு நாள் நான் அந்த இருக்கலாமோட இருந்திருப்பன்."

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். அதன் பிறகு பச்சைப் புள்ளி எரியவில்லை. ஒவ்வொரு காலையும் ஒன்பதரைக்கு உள்ளே போய்ப் பார்ப்பேன். நானும் தொலைபேசி எடுக்கவில்லை. கோபம் இருந்ததோ இல்லையோ, அந்த இலக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்ற உன் விதி இருந்தது.

பதினாறாம் நாள் அந்த உறை வந்தது. உன் பக்கத்தில் வெள்ளி நாரை. என் பக்கத்தில் நீ எதுவும் கேட்கவில்லை. ஒரு சொல்லும் எழுதவில்லை. அலுவலகத்தில் எழுந்து நின்றேன். அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். லைன் பிசி. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பிசியாகவே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுததை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

பிறகுதான் விளங்கியது. அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்றக் கையால் நீ அதை எனக்கு அனுப்பியிருக்கிறாய். நான் செய்தியை இரண்டு நாள் வைத்திருந்தேன். நீ இரண்டு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை.

அதனால்தான் நாரையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த நாளிலிருந்து நாம் பழையபடி தொலைபேசியில் பேசினோம். ஆட்டம் தேவையில்லாமல் போனது. அந்த இரண்டு நாளைப் பற்றி நீ பிறகு வாய் திறக்கவில்லை. இடைக்கிடை மட்டும் கேட்பாய்.

"நாரையை எடுத்தியோ?"

"பாப்பம்."

"எடடா, கிடந்து பழுதாப் போகுது."

நேற்று எடுக்கத்தான் நினைத்தேன். முதலில் என் பக்கத்தில் ஏதாவது வைக்கப் பார்த்தேன். என்னிடமிருந்த சீட்டுகளில் நல்லதாக ஒன்றைத் தேடி வைத்தேன். கோரிக்கையை மாற்றினால் மற்றவரும் மீண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று திரை சொன்னது. அந்தப் பக்கத்தில் அழுத்த நீ இல்லை. சீட்டைத் திருப்பி எடுத்தேன். என் பக்கம் வெறுமையாக இருக்கப் பொத்தானை அழுத்தினேன். நாரை என் பக்கத்துக்கு வந்தது. மாத முடிவில் அதுவும் போய்விடும்.

காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களிடமிருந்து இப்போதும் எனக்கு அழைப்புகள் வரும். போன கிழமை ஒரு அம்மா, தம்பியைத் தேடுகிறவர். பழைய பட்டியலொன்றில் அதே பெயர் இருந்தது, வேறொன்றும் தெரியாது. பட்டியலை மூடி வைப்பதற்கு முன்பே அவருக்கு எடுத்தேன்.

"அன்ரி, உறுதியில்லை. பிழையாயும் இருக்கும். ஆனா இருக்கலாம்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் லைனில் இருந்தேன்.