பதினொரு ஃபைலுக்கு ஒரே ஃபங்ஷன்

மார்ச் 3, திங்கள்
ரத்த வங்கிக் குளிர்பெட்டிகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதும் அலுவலகம் எங்களுடையது. ஓர் எண்ணைத் திரையில் காட்ட இங்கே பதினொரு ஃபைலில் பதினொரு விதமான ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் புரோகிராம் துண்டு). ஒன்றில் 4, ஒன்றில் 4.0, இன்னொன்றில் 4.00. ஆளுக்கொரு சட்டம். இருப்பதில் உருப்படியானது கமா எழுதிய ஃபங்ஷன்தான். (ஆயிரம் என்று எழுதினாலும் கமா போடாமல் விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருஷமாக என் பக்கத்து மேசை.) அவன் ஃபைலிலிருந்து அதை எடுத்துப் பொது ஃபைலில் போட்டேன். இனி எல்லாரும் அதையே கூப்பிடலாம்.

சரிபார்க்க அவனிடம் அனுப்பினேன். "நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்," என்று திறக்காமலே ஒப்புதல் கொடுத்தான்.

மார்ச் 5, புதன்
மற்ற பத்தையும் அழித்தாச்சு. வீடு பெருக்கின மாதிரி இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி
புதிய புரோகிராம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது.

மார்ச் 26, புதன்
ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இரவின் குறைந்த வெப்பநிலையும் அதிக வெப்பநிலையும் ஒரே வரியில் வரும். மூன்று நாளாக இரண்டுமே 4.0. உண்மையில் பதினொன்று வரை ஏறியிருக்கிறது. நர்ஸ் தினமும் திரையை நம்பிக் குறித்திருக்கிறார். நாற்பத்தாறு பை ரத்தம் வீண். ஓர் அம்மாவின் ஆபரேஷன் தள்ளிப்போயிற்று.

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அந்த ஃபங்ஷனுக்கு எண்ணை எழுதி வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஒரே வரியில் இரண்டு முறை கூப்பிட்டால் ஓர் எண்ணின் மேல் இன்னொன்று ஏறிவிடும். கமா அதன் தலையில் எழுதியே வைத்திருந்தான்: "ஒரு வரியில் ஒரு முறைதான். இந்த ஃபைலை விட்டு வெளியே எடுக்காதே." பொது ஃபைலில் அந்தக் குறிப்பு அசிங்கமாக இருக்குமே என்று நான்தான் நீக்கினேன். அவன் பெயரை மட்டும் மறக்காமல் எடுத்து வந்தேன். மரியாதையாம்.

மார்ச் 27, வியாழன்
மீட்டிங். மேனேஜர் ஃபங்ஷனைத் திறந்தார். மேலே கமாவின் பெயர்.
"நீங்க எழுதினதா?"
"நான் எழுதினதுதான்."
என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு முழுக்க அங்கேயே இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

நாளைக்குச் சொல்லிடணும்.

மார்ச் 28, வெள்ளி
சொல்லலை.

மார்ச் 31, திங்கள்
இன்னைக்கும் சொல்லலை. ஏன் சாப்பிடலைன்னு வீட்டுக்காரர் கேட்டார். தலைவலின்னேன். எத்தனை நாளைக்குத் தலைவலி — எனக்கே அருவருப்பா இருக்கு.

ஏப்ரல் 1, செவ்வாய்
கமா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். மேசையைக் காலி செய்யும்போது, குரலைத் தாழ்த்தி, "அந்தக் குறிப்பை ஏன் எடுத்தே?" என்றான்.

தெரிஞ்சிருக்கு.

"மீட்டிங்குக்கு முன்னாடியே பதிவைப் பார்த்துட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நான் படிக்காம ஒப்புதல் குடுத்ததும் தப்புதான்." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்
மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்தார். "அவரோட தப்புன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பியாச்சும்மா. இப்ப மாத்திச் சொன்னா நம்மளை யார் நம்புவாங்க? விடுங்க." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி
திருத்தியாச்சு. இனி கூப்பிடுகிறவரே தன் எண்ணுக்கு இடம் கொடுக்க வேண்டும். இருபது நிமிஷ வேலை. அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

மே 11, ஞாயிறு
இன்றும் போன் செய்தேன். போன வாரம் போலவே அவன் மனைவி எடுத்தாள். "அவர் தூங்கறாருங்க," என்றாள். பின்னால் கமா யாரிடமோ கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"தூங்கட்டும், எழுப்பாதீங்க," என்றேன்.