வாய்க்கு ஒரு அளவு, நோட்டுக்கு ஒரு அளவு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத் தையல் மிஷின் மேல் வைத்துவிடுகிறாய். பக்கத்தில் எப்போதும் யாராவது அளவு கொடுக்க நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி உன் வயிற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதும்போது கூச்சம் பாதியாகிவிடுகிறது. மீதிப் பாதியை நீ பொறுத்துக்கொள்.

கிளினிக்கில் நடந்ததைக் கேள்விப்பட்டேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, வயிற்றுச் சதையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு முன்னால் நர்ஸ் உன்னைத் தராசில் ஏற்றி, எடையை ஹால் முழுக்கக் கேட்கும்படி கூவினாளாம். நீ "தராசுல ஏத்தி விலை சொல்ல நான் என்ன வெங்காயமா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டாயாம். வெங்காயம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

எங்கள் உடற்பயிற்சி நிலையத்தில் வாசல் மேஜை என்னுடையது. உறுப்பினர்களின் பதிவேட்டை நான்தான் எழுதுகிறேன். தராசுக்கு எல்லோருமே பயப்படுகிறார்கள், அக்கா. ஏறும் முன் செருப்பு, கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றுவார்கள். நேற்று ஓர் அம்மா, "கம்மலைக் கழட்டினா எவ்வளவு குறையும்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எங்கள் பயிற்சியாளர், எல்லோரும் 'விசில்' என்று கூப்பிடுகிறவர், சிரிக்காமல் சொன்னார்: "தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது. காலையில குடிச்ச தண்ணியையும் சேர்த்துத்தான் காட்டும். டேப்பை எடுங்கம்மா."

டேப் என்றதும் எனக்கு உன் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

வாரத்தில் ஒரு நாள், காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன், தொப்புளை ஒட்டிச் சுற்றி அள. மூச்சை வெளியே விட்டுவிட்டு அள, எக்கக் கூடாது. மேல்கை, தொடை இரண்டையும் அள. எனக்கு எழுது. நான் இங்கே பதிந்துகொள்கிறேன். சாயங்காலம் அரை மணி நடந்தால் போதும். தராசில் ஏறு என்று இனி உன்னிடம் சொல்ல மாட்டேன், சத்தியம்.

கூச்சத்துடன்,
உன் பொடிசு


மார்ச் 12

என் பட்டதாரி அம்மாளுக்கு,

அக்கா எழுதறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச கையெழுத்து, தப்பு இருந்தா சிவப்பு மையால சுழிச்சுத் திருப்பி அனுப்பாதே.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். எனக்கே டேப் பிடிக்கச் சொல்லித் தர்றியா? இருபத்திரண்டு வருஷமா இந்தத் தெருவோட இடுப்பெல்லாம் என் கைக்குள்ளதான் இருக்கு. யாருக்கு எந்த மாசம் கூடுச்சு, எப்போ குறைஞ்சுதுன்னு அவங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், வெளியில விடாதே. அளவு எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்றது ஒண்ணு, நோட்டுல எழுதறது ஒண்ணு. முப்பத்தெட்டு இருந்தா "முப்பத்தேழுதாங்க"ன்னு சொல்லுவேன். அவங்க முகம் மலரும். நோட்டுல முப்பத்தெட்டுன்னு எழுதிடுவேன். சட்டை சரியா உக்காரும், மனசும் சரியா உக்காரும். வாய்க்கு ஒரு அளவு, நோட்டுக்கு ஒரு அளவு. இதுவரைக்கும் ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை.

சரி, நீ கேட்டுட்டே. ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டு அளந்தேன். எக்கலை. வயிறு நாப்பத்தொண்ணு. கை பதிமூணரை. தொடை இருபத்தஞ்சு. அளவு நோட்டுல கடைசிப் பக்கத்தை எனக்கு ஒதுக்கிட்டேன். மேல 'நான்'னு எழுதினப்போ சிரிப்பா இருந்துச்சு. ஊருக்கெல்லாம் பக்கம் இருக்கு, எனக்கு இத்தனை நாளா இல்லை.

உன் அளவு எனக்கு வேண்டாம். என் அளவுல எட்டு இன்ச் கழிச்சா நீ. சின்னப் பிள்ளையில என் பழைய சட்டையைப் பிடிச்சு உனக்குத் தைச்ச காலத்துல இருந்து அதுதான் கணக்கு. இப்பவும் துணியை என் மேல போட்டுப் பார்த்துத்தான் உனக்கு வெட்டறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. விசில்காரர்கிட்ட அதிகமா சிரிக்காதே.

உன் அக்கா
(வெங்காயம் இல்லை)


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை விசிலிடம் காட்டினேன். ரகசியம் இருந்த பகுதியை மடித்து வைத்துத்தான் காட்டினேன், பயப்படாதே. "உங்க அக்காவை இங்க வேலைக்குச் சேர்த்துக்கலாம், நம்ம ஆளுங்க யாரும் தொடையை ஒழுங்கா அளக்கறதில்லை" என்றார். சிரிக்கவில்லை நான். தலையைத்தான் ஆட்டினேன்.

போன வாரம் நாற்பதரை என்று போனில் கிசுகிசுத்தாயே, அன்று முழுவதும் என் கால் தரையில் படவில்லை. பதிவேட்டில் கடைசியில் உனக்கு ஒரு வரி போட்டிருக்கிறேன். பெயர் என்ற இடத்தில் 'அக்கா'. உறுப்பினர் எண் இல்லை. மேலாளர் பார்த்தால் தொலைந்தேன்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறார். ஒன்று, மாடிப்படி. உன் கடைக்கு மேலே துணி காயப்போட ஏறுகிறாயே, பதினாலு படி, அதை நிற்காமல் ஏற முடிகிறதா என்று பார். இரண்டாவது, பலம். கனம் தூக்கச் சொன்னால் நீ திட்டுவாய். அதனால் நானே ஒன்று யோசித்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டும்போது பெரிய கத்தரியால் எட்டு மடிப்பை ஒரே வெட்டில் வெட்டுவாய் இல்லையா? அந்த எட்டு, எட்டாகவே இருக்கிறதா என்று எழுது.

ஏனென்றால், வயிறு குறைந்து கையில் பலம் அப்படியே இருந்தால் போவது கொழுப்பு. வயிற்றோடு கையும் மெலிந்து, கத்தரி கனத்தால், போவது தசை. அது நல்லதில்லை என்கிறார். உனக்கு அப்படி ஆகாது. ஒரு பேச்சுக்காக எழுதுகிறேன்.

பணிவான தங்கை,
பொடிசு


ஜூன் 9

அன்பு பொடிசுக்கு,

பதில் தாமதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.

அளவு கேட்டிருந்தே. வயிறு முப்பத்தொன்பதரை. கை பதிமூணேகால். மெதுவாத்தான் குறையுது, நீ சொன்ன மாதிரியே. தெருவுல எல்லாரும் ஒரே பாராட்டு. பூக்கடைக்காரி "என்ன ரகசியம்னு எனக்கும் சொல்லேன், தனியா அனுபவிக்காதே"ங்கறா. முன்னாடி என்னை 'தூண்'னு கூப்பிட்டவதான். இப்போ 'குச்சி'ங்கறா. மூணு மாசத்துல தூண் எங்கே போச்சுன்னு எனக்கே தெரியலை.

படி ஏறறேன். பதினாலும் ஏறறேன். நடுவுல ஏழாவது படியில கொஞ்சம் உக்காருவேன், அங்கே இருந்து தெரு நல்லாத் தெரியும். கத்தரி விஷயம் கேட்டே. எட்டு மடிப்பு எட்டு மடிப்புதான். இப்போ வெட்டறதை மட்டும் மாடி வீட்டு டீச்சரம்மா செஞ்சு கொடுக்கறாங்க. ரிட்டையர் ஆயிட்டாங்க, பொழுது போகலையாம். நான் சாக்பீஸ்ல கோடு போட்டுக் கொடுத்துடுவேன்.

சாப்பாடு கொஞ்சமாத்தான் இறங்குது. டயட்டுன்னு நீங்கள்லாம் காசு கொடுத்துப் பழகறதை நான் சும்மாவே பழகிட்டேன் பாரு.

உனக்கு ஒரு சட்டை தைச்சு அனுப்பியிருக்கேன். மயில் கழுத்துப் பச்சை. வேலையில ஒரு வருஷம் முடியப்போகுதே, அன்னைக்குப் போட்டுக்கோ. மேஜைக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காராதே. நம்ம வீட்டுல முதல் முதலா டிகிரி வாங்கினவ, நிமிர்ந்து உக்காரு.

நீ இப்போ வர வேண்டாம். வேலை கெட்டுப்போகும். வேலையை விட்டுட்டு வந்து நின்னே, காலை முறிச்சுடுவேன்.

உன் அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் உடம்பைப் பற்றிப் போனில் இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாய். இன்னொரு முறை அடுப்புகூட இல்லை, சும்மா வைத்துவிட்டாய்.

சட்டை வந்தது. நிறம் அவ்வளவு அழகு. அறைத் தோழி பார்த்துவிட்டு, "எந்தக் கடை?" என்று கேட்டாள். அக்கா கடை என்றேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் ஜிப் ஏறவில்லை. நான்தான் பெருத்துவிட்டேன் என்று நினைத்து வெட்கப்பட்டுக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் யாரும் இல்லாதபோது டேப்பை எடுத்து என்னை அளந்தேன். முப்பத்துமூன்று. எப்போதும் இருக்கிற முப்பத்துமூன்றுதான். பிறகு சட்டையை மேஜை மேல் விரித்து அளந்தேன். இடுப்பு இருபத்தாறு. திரும்பவும் அளந்தேன். இருபத்தாறு.

உன் கை தப்பாக வெட்டாது, அக்கா. எட்டைக் கழிக்க அது மறக்கவில்லை. துணியை உன் மேல் போட்டுப் பார்த்து, இத்தனை வருடப் பழக்கத்தில் எட்டைக் கழித்திருக்கிறது. நீ நாற்பத்தொன்றாக இருந்தபோது எட்டைக் கழித்தால் நான் வந்தேன். இப்போது யாரோ ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். இருபத்தாறோடு எட்டைக் கூட்டினேன். முப்பத்துநாலு. எனக்கு முப்பத்தொன்பதரை என்று எழுதிய அதே வாரம் நீ முப்பத்துநாலு. மூன்று மாதத்தில் ஏழு இன்ச்.

விசிலிடம் கேட்டேன். யார் என்று சொல்லாமல், ஓர் உறுப்பினர் என்று சொல்லிக் கேட்டேன். அவர் பதிவேட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "இது பயிற்சியால வந்த குறைவு இல்லம்மா. டாக்டர்கிட்ட போகணும், இன்னைக்கே" என்றார். எதையும் விசில் ஊதிச் சொல்கிறவர், அதை மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் டீச்சரம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அவர் மேல் கோபப்படாதே. "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, நான் என்னம்மா பண்ணுவேன்" என்று அழுதுவிட்டார். இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயாம். வயிற்றில் என்னவோ இருக்கிறது, சோதனை முடிவு வர வேண்டும் என்றார்களாம். அங்கே தராசில் ஏறச் சொன்னபோது வாயைத் திறக்காமல் ஏறினாயாம். "நான் என்ன வெங்காயமா?" என்று நீ அங்கேயும் கேட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

தராசு வேண்டாம் என்று சொன்னவள் நான். கிளினிக்கில் வாரம் ஒரு முறை ஏறியிருந்தால், கத்துகிற அந்த நர்ஸாவது ஏப்ரலிலேயே கத்தியிருப்பாள். நான் டேப்பை உன் கையில் கொடுத்து, அளக்கிறவளும் நீ, சொல்கிறவளும் நீ என்று ஆக்கிவிட்டேன். நீ அரை இன்ச், அரை இன்ச்சாக எனக்குச் சந்தோஷத்தை வெட்டி அனுப்பினாய். நான் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. மூடி வைத்தாலும் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஏழாவது படியில் உட்கார்ந்தாய் என்று எழுதியிருந்தாய். கத்தரி கை மாறியதையும் எழுதியிருந்தாய். படித்தவள் நான். இரண்டையும் படித்துவிட்டுச் சட்டை என்ன நிறம் என்றுதான் யோசித்தேன்.

விடுப்பு கேட்டேன். வாசல் மேஜைக்கு இன்னோர் ஆள் இருபத்தெட்டாம் தேதிதான் வருகிறாள், அதற்கு முன் முடியாது என்கிறார் மேலாளர். எதிர்த்துப் பேசவில்லை நான். எதிர்த்துப் பேச எனக்கு என்றைக்குமே வராது. வேலையை விட்டு வந்தால் காலை முறிப்பேன் என்கிறாய். முறிக்கிற பலம் உன் கையில் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவும் பயமாக இருக்கிறது. வந்தாலும் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது அளவு எழுதுவது மட்டும்தான். எழுதியும் ஒன்றும் நிற்கவில்லை.

சட்டையை நான் பிரிக்கவில்லை. பிரித்துப் பெரிதாக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டிருக்கிறாய், பார்த்தேன். அப்படியே வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? கடிதம் தொடங்கும்போதே கேட்க நினைத்தேன், கை வரவில்லை. டாக்டர் என்ன சொல்வார் என்று இப்போது சொல்ல வேண்டாம், அதை நேரில் சேர்ந்து கேட்போம். நீ அழுதாயா என்றும் கேட்க மாட்டேன். என்னை உன் வாடிக்கைக்காரியாக வைத்துக்கொள்ளாதே, அக்கா. என் முகம் மலர வேண்டாம். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தை, 'நான்' என்று எழுதிய அந்தப் பக்கத்தை, அப்படியே கிழித்து எனக்கு அனுப்பு.

உன் பொடிசு